பட்டியலா, சல்லடையா, செல்போனா: விகிதமுறு மூலம் தேட எந்த வழி?

மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் கை சும்மா இருக்கிற ஆளைப் பார்ப்பது கஷ்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கட்டிக் கிடந்த விசைப்படகுகளுக்குப் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைக் கழற்றி மாட்டுவார்கள். ஐஸ் பெட்டி செய்கிறவர்களுக்கும் அதுதான் சீசன். அப்படி ஒரு சாயங்காலம் பெட்டி செய்கிற அண்ணன் ஒருவர், நான் டியூஷன் நடத்துகிற திண்ணைக்கு வந்து நின்றார். கையில் ஒரு அளவு டேப், காதில் பென்சில்.

"டீச்சர், ஒரு கணக்கு. பெட்டி முப்பத்தேழரை கன அடி கொள்ளணும். நீளம் உயரத்துக்கு ரெண்டு பங்கு. அகலம் உயரத்தைவிட அரை அடி கூட. உயரம் எவ்வளவு வைக்கட்டும்?"

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்று நான் எடுத்துக்கொண்டிருந்ததும் சமன்பாட்டியல்தான். உயரத்தை எக்ஸ் என்று வைத்தால் நீளம் 2எக்ஸ், அகலம் எக்ஸ் + ½. பெருக்கினால் 2எக்ஸ்³ + எக்ஸ்² = 37½. அரையை ஒழிக்க இரு பக்கமும் இரண்டால் பெருக்கினேன்: 4எக்ஸ்³ + 2எக்ஸ்² − 75 = 0. கரும்பலகையில் இதை எழுதிவிட்டு, கண்டுபிடியுங்கள் என்று பிள்ளைகளிடமே விட்டுவிட்டேன்.

ஒருத்தி நோட்டில் 75-இன் வகுத்திகளை வரிசையாக எழுத ஆரம்பித்தாள். ஒருவன் 1, 2, 3 என்று போட்டுப் பார்த்தான். பின்வரிசையில் ஒருவன் செல்போனை எடுத்து வரைபடம் போட்டான். முதலில் விடை சொன்னது அவன்தான்: "ரெண்டரை, டீச்சர்." அண்ணனுக்கு வேலை முடிந்தது. எனக்கு முடியவில்லை. அந்தப் பிள்ளைகள் அடுத்த மார்ச்சில் செல்போன் இல்லாமல் பரீட்சை எழுத வேண்டும். அதில் சிலர் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ-யும் எழுதுவார்கள், அங்கேயும் கால்குலேட்டர் கிடையாது. அவர்களுக்கு எந்த வழியை முதல் வழியாகப் பழக்குவது? அன்று ராத்திரி உட்கார்ந்து எல்லா வழிகளையும் இதே கணக்கில் போட்டுப் பார்த்தேன்.

முதலில் விகிதமுறு மூலத் தேற்றம், ஏனென்றால் மற்ற எல்லாமே அதன்மேல்தான் நிற்கிறது. மூலம் என்றால் எக்ஸுக்குப் போட்டால் கோவையைப் பூச்சியமாக்குகிற எண். அது முழு எண்ணாகவோ பின்னமாகவோ இருந்தால் விகிதமுறு மூலம். கெழுக்கள், அதாவது எக்ஸின் படிகளுக்கு முன்னால் நிற்கிற எண்கள், எல்லாம் முழுக்களாக இருக்கிற ஒரு பல்லுறுப்புக்கோவைக்குப் பின்னமாக ஒரு மூலம் இருந்து, அந்தப் பின்னத்தை முழுக்கச் சுருக்கி எழுதினால், அதன் தொகுதி மாறிலி உறுப்பை (எக்ஸ் இல்லாத உறுப்பை) வகுக்கும். பகுதி தலையாய கெழுவை (எக்ஸின் மிகப் பெரிய படிக்கு உரிய கெழுவை) வகுக்கும். நம் பெட்டியில் தொகுதி 75-ஐ வகுக்க வேண்டும், பகுதி 4-ஐ வகுக்க வேண்டும்.

பிள்ளைகள் பலர் இதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். காரணம் கேட்டால் முழிக்கிறார்கள். காரணம் ரொம்ப எளிது. எக்ஸ் இருக்கிற இடத்தில் தொகுதி/பகுதி என்று போட்டு, பகுதியின் கனத்தால் முழுவதையும் பெருக்குங்கள். 4 × தொகுதி³ + 2 × தொகுதி² × பகுதி = 75 × பகுதி³ என்று வரும். இடது பக்கம் முழுக்கத் தொகுதி ஒரு காரணியாக உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் வலது பக்கத்தையும் அது வகுக்க வேண்டும். பகுதியோடு அதற்குப் பொதுக் காரணி கிடையாது, நாம்தான் சுருக்கிவிட்டோமே. ஆக அது வகுக்கக்கூடியது 75-ஐத்தான். இதையே திருப்பி, பகுதி இருக்கிற உறுப்புகளை ஒரு பக்கம் தள்ளினால் பகுதி 4-ஐ வகுக்கும் என்று வந்துவிடும். நான் பலகையில் அரையை முதலில் ஒழித்ததும் இதனால்தான். கெழுவில் பின்னம் இருக்கும்போது இந்தத் தேற்றத்தைத் தொடக் கூடாது. மாறிலி உறுப்பே இல்லாமல் இருந்தால் எக்ஸை வெளியே எடுத்துவிட்டு மீதியில் தொடங்க வேண்டும்.

இப்போது வழிகளுக்கு வருகிறேன்.

பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் சோதிப்பது பாடப்புத்தகத்தைப் படித்தவுடன் கைக்கு வருகிற வழி. 75-க்கு வகுத்திகள் 1, 3, 5, 15, 25, 75. 4-க்கு 1, 2, 4. ஆறும் மூன்றும் பெருக்கினால் 18, இரண்டு குறியும் சேர்த்தால் 36. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகுமுறை வகுத்தல் (கெழுக்களை மட்டும் வரிசையாக வைத்து வகுப்பது) என்றால் பக்கம் பக்கமாக ஓடும். இந்த வழியில் தப்பு எதுவும் இல்லை. மூலம் இருந்தால் கண்டிப்பாக அகப்படும், இல்லையென்றால் இல்லை என்று நிரூபணமாகவே தெரிந்துவிடும். ஆனால் மூன்று மணி நேரத்தில் 90 மதிப்பெண்ணுக்கு எழுதுகிற பிள்ளைக்கு 36 வகுத்தல் கட்டுப்படியாகாது. நோட்டில் வகுத்தி எழுதத் தொடங்கிய பெண், நல்ல கெட்டிக்காரி, அன்று பதினோராவது சோதனையில் இருந்தாள். அதிலும் எக்ஸ் உறுப்பு இல்லை என்பதால் நடுவில் 0 போட மறந்து 4, 2, −75 என்று மூன்றே எண்களை வைத்து வகுத்திருந்தாள். அதனால் சரியான 5/2 வந்தபோதும் மீதி பூச்சியம் ஆகாமல் அதை அடித்துவிட்டாள். பட்டியல் வழியின் உண்மையான ஆபத்து இதுதான்: வேலை நீள நீள, தப்பும் கூடிக்கொண்டே போகும், எந்த இடத்தில் தப்பினோம் என்றும் தெரியாது.

1, −1, 2 என்று சின்ன எண்களைப் போட்டுப் பார்ப்பது இதற்கு நேர் எதிர். கெழுக்களைக் கூட்டினால் பூச்சியம் வந்தால் 1 ஒரு மூலம். இரட்டைப்படி உறுப்புகளின் கெழுக்கூடுதலும் ஒற்றைப்படி உறுப்புகளின் கெழுக்கூடுதலும் சமமானால் −1 ஒரு மூலம். ஐந்து விநாடி வேலை. பள்ளிக் கணக்குகளில் கால்வாசிக்கு மேல் இதிலேயே விழுந்துவிடும் என்பது என் அனுபவம். விழாவிட்டால்? பெரும்பாலான பிள்ளைகள் அதோடு 1-ஐயும் −1-ஐயும் மறந்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் பெரிய நஷ்டம். பொருந்தாமல் போன அந்த இரண்டு மதிப்புகளும் கையில் இருக்கிற சல்லடை.

எப்படி என்று பெட்டியிலேயே பார்ப்போம். 1 போட்டால் 4 + 2 − 75 = −69. −1 போட்டால் −4 + 2 − 75 = −77. இவற்றை ஓரத்தில் எழுதி வையுங்கள். ஒரு பின்னம் மூலமாக இருந்தால், பகுதி × எக்ஸ் − தொகுதி என்பது பல்லுறுப்புக்கோவைக்குக் காரணி. மிச்சம் வருகிற ஈவிலும் கெழுக்கள் முழுக்களாகவே இருக்கும், இது கணித மேதை காஸ் நிறுவிய விஷயம். சரி, இப்போது எக்ஸுக்கு 1 போட்டால் அந்தக் காரணி பகுதி − தொகுதி ஆகிறது. ஆகவே தொகுதிக்கும் பகுதிக்கும் உள்ள வித்தியாசம் 69-ஐ வகுக்க வேண்டும். −1 போட்டால் அவற்றின் கூடுதல் 77-ஐ வகுக்க வேண்டும்.

77-ஐ வகுப்பவை 1, 7, 11, 77 மட்டும். உயரம் மிகை எண்தான், ஆகவே 18 பின்னங்களையும் கூட்டிப் பார்த்தால் போதும். 3 என்பது 3/1, கூட்டினால் 4, போயிற்று. 5-க்கு 6. 15-க்கு 16. 25-க்கு 26. 75-க்கு 76. எல்லாம் போயிற்று. 1/2-க்கு 3, 3/2-க்கு 5. 5/2-க்கு 7, நிற்கிறது. 15/2-க்கு 17, 25/2-க்கு 27. 75/2-க்கு 77, நிற்கிறது. ஆனால் வித்தியாசம் 73, அது 69-ஐ வகுக்காது, விழுந்துவிட்டது. கால்களில் 3/4 மட்டும் 7 கொடுக்கிறது. மற்றவை 5, 9, 19, 29, 79. முடிந்தது. பதினெட்டில் மிஞ்சியது 5/2-உம் 3/4-உம். ஒரு வகுத்தல்கூட இன்னும் செய்யவில்லை, வாய்க்கணக்குதான்.

கடைசி ஒன்றைக் கழிக்க டெகார்ட்டே குறி விதி உதவுகிறது. 1637-இல் அவர் வெளியிட்ட வடிவியல் நூலில் வந்த விதி. +, +, − என்று குறிகள் ஒரே முறை மாறுகின்றன, ஆகவே மிகை மூலம் ஒன்றே ஒன்றுதான். 1 போட்டபோது −69. 3 போட்டால் 108 + 18 − 75 = 51. குறைவிலிருந்து மிகைக்கு வந்துவிட்டதால் அந்த ஒரே மூலம் 1-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கிறது. 3/4 வெளியே. 5/2-ஐ மட்டும் தொகுமுறையில் வகுத்துப் பாருங்கள், நடுவில் 0 மறக்காமல்: 4, 2, 0, −75. கீழே 4, 12, 30, 0 என்று வரும். ஈவு 4எக்ஸ்² + 12எக்ஸ் + 30, மெய் மூலம் உண்டா என்று சொல்கிற அதன் தன்மைகாட்டி 144 − 480, குறை எண். ஆகவே மற்ற இரண்டும் மெய் மூலங்கள் இல்லை. உயரம் இரண்டரை அடி, அகலம் மூன்று, நீளம் ஐந்து. ஏறக்குறைய 1,062 லிட்டர் கொள்ளும் பெட்டி. குனிந்தால் அடியில் கிடக்கிற கணவாய் வரை கை எட்டும் என்று அண்ணனும் சொன்னார்.

முப்பத்தாறு எங்கே, ஒன்று எங்கே! எனக்கு இந்தச் சல்லடையில் தீராத ஆசை. நண்டு வலையைக் கரைக்குக் கொண்டுவந்து கழிக்கிறவர்கள் வலையை முழுக்கப் பிரிப்பதில்லை. கண்ணியைத் தொட்டுப் பார்த்தே எதில் நண்டு மாட்டியிருக்கிறது என்று கை போய்விடும். அந்தக் கைப்பழக்கம்தான் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெட்டிக் கணக்கு கொஞ்சம் தயவான கணக்கு என்று யாராவது சொல்லலாம். நியாயம்தான். அதனால் முரட்டுக் கணக்கு ஒன்றும் எடுத்தேன்: 12எக்ஸ்³ − 32எக்ஸ்² − 19எக்ஸ் + 60 = 0. 60-க்கு வகுத்திகள் பன்னிரண்டு, 12-க்கு ஆறு. கண்ணை மூடிக்கொண்டு ஜோடி போட்டால் இரு குறியும் சேர்த்து 144 வரும். திரும்பத் திரும்ப வருகிற பின்னங்களை நீக்கினாலும் 60 மிஞ்சும். பட்டியல்காரர்கள் இங்கேயே களைத்துவிடுவார்கள்.

1 போட்டால் 21, −1 போட்டால் 35. மிகைப் பின்னத்துக்குக் கூடுதல் 35-ஐயும் வித்தியாசம் 21-ஐயும் வகுக்க வேண்டும். குறைப் பின்னத்துக்கு இது தலைகீழ்: கூடுதல் 21-ஐ, வித்தியாசம் 35-ஐ. சலித்தால் மிகையில் 4, 3/2, 2/3, 1/4, 5/2, 4/3, 3/4 என்று ஏழும், குறையில் −2, −1/2, −6, −4/3, −3/4, −1/6 என்று ஆறும் நிற்கின்றன. அறுபது பதின்மூன்றாகிவிட்டது. பெட்டிக் கணக்கைப் போல ஒரே அடியில் தீரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2-உம் 3-உம் போட்டுப் பாருங்கள். 1-க்கு 21, 2-க்கு −10, 3-க்கு 39. குறி இரண்டு முறை மாறுகிறது: 1-க்கும் 2-க்கும் நடுவில் ஒரு மூலம், 2-க்கும் 3-க்கும் நடுவில் ஒரு மூலம். 2-க்கும் 3-க்கும் நடுவில் சல்லடையில் நிற்பது 5/2 ஒன்றுதான். வகுத்தால் 12, −2, −24, 0. மீதி இருபடிச் சமன்பாடு, 3/2-உம் −4/3-உம் தானாக விழுந்துவிடும். ஒரே ஒரு வகுத்தல்.

இந்தக் கணக்கில் இன்னொரு வழியையும் முயன்றேன், சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதற்காக. 12எக்ஸை ஒய் என்று வைத்துத் தலையாய கெழுவை 1 ஆக்கிவிட்டால் பின்னமே தேட வேண்டாம், முழுக்களை மட்டும் தேடினால் போதும் என்பது அதன் கவர்ச்சி. ஆக்கினால் ஒய்³ − 32ஒய்² − 228ஒய் + 8640 வருகிறது. 8640-க்கு வகுத்திகள் 56, குறியோடு 112. பின்னத்துக்குப் பயந்து பெரிய எண்ணிடம் மாட்டிக்கொண்ட கதை. தலையாய கெழு 2 அல்லது 3 ஆக இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் வேண்டாம்.

முப்படிக்குச் சூத்திரமே இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன என்று ஒரு பையன் வருஷா வருஷம் கேட்பான். கார்டானோ 1545-இல் அச்சில் வெளியிட்ட சூத்திரம். எக்ஸ்³ + 3எக்ஸ் − 14 = 0 என்பதில் அதைப் போட்டால், 7 + √50-இன் கனமூலமும் 7 − √50-இன் கனமூலமும் கூட்டி வரும். அது என்ன எண்? 2. வெறும் 2. 14-இன் வகுத்திகளில் இரண்டாவதாகப் போட்டிருந்தாலே 8 + 6 − 14 என்று விழுந்திருக்கும். விகிதமுறு மூலம் இருக்கிற இடத்தில் இந்தச் சூத்திரம் அதை மூடி மறைத்துவிடுகிறது. நான்காம் படிக்கும் சூத்திரம் உண்டு, அதைவிட மோசம். ஐந்தாம் படிக்குப் பொதுச் சூத்திரம் கிடையாது என்று 1824-இல் ஆபெல் நிறுவிவிட்டார்.

செல்போனை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. ஜியோஜீப்ராவோ டெஸ்மாஸோ திறந்து சமன்பாட்டை எழுதினால் வளைவு எங்கே அச்சை வெட்டுகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். மூலம் என்றால் என்ன என்று புரியவைக்க அதைவிட நல்ல கருவி என்னிடம் இல்லை. ஆனால் திரையில் தெரிகிற 1.52 விகிதமுறு எண்ணா இல்லையா என்று அது சொல்லாது. போன வருஷம் ஒரு பிள்ளை எக்ஸ்³ − எக்ஸ் − 2 = 0 என்பதற்கு வரைபடம் பார்த்து 1.52 என்று கண்டு, அதை 38/25 என்று சுருக்கி, நேர்த்தியாகப் பெட்டி கட்டி எழுதியிருந்தாள். தலையாய கெழு 1. பகுதி 1-ஐ வகுக்க வேண்டும், 25 எப்படி வரும்? இருக்கக்கூடியவை 1, −1, 2, −2 மட்டும். போட்டால் −2, −2, 4, −8. எதுவும் பூச்சியமில்லை, ஆகவே இந்தச் சமன்பாட்டுக்கு விகிதமுறு மூலமே கிடையாது. நாலு வரியில் முழு நிரூபணம். இல்லை என்று உறுதியாகச் சொல்வது தேற்றத்தால் மட்டும்தான் முடியும், எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் திரையால் முடியாது.

இத்தனையும் பார்த்தபிறகு என் முடிவு, ஆளுக்குத் தகுந்த மாதிரி. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு மட்டும் தயாராகிற பிள்ளை முதலில் 1-உம் −1-உம் போடட்டும், விழாவிட்டால் அந்த இரண்டு மதிப்பையும் ஓரத்தில் எழுதிச் சலிக்கட்டும், மிஞ்சியதைத் தொகுமுறை வகுத்தலில் விடைத்தாளில் முழுதாகக் காட்டட்டும். ஜேஇஇ எழுதுகிறவர்களுக்கு 180 நிமிடத்தில் 75 கேள்வி. அவர்கள் இதோடு 2, 3 போட்டுக் குறி மாறுகிற இடத்தையும் பார்க்கப் பழக வேண்டும். நாலு விடை கொடுத்திருந்தால் அந்த நாலையும் சல்லடையில் போடுவதே போதும். பட்டியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தாளில் முழுக்க எழுதாதீர்கள். மாறிலியும் தலையாய கெழுவும் ரொம்பச் சின்னதாக, 2, 3 மாதிரி இருந்தால் மட்டும் பட்டியலே சுருக்கு வழி, அங்கே சல்லடை வீண் வேலை. வரைபடம் வீட்டில் சரிபார்க்க.

இந்த வருஷம் அப்படியே மாற்றிவிட்டேன். முதல் வாரம் முழுக்கப் பட்டியல் கிடையாது. எந்தக் கோவை எழுதினாலும் பக்கத்தில் இரண்டு எண், 1-க்கு ஒன்று, −1-க்கு ஒன்று.

தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்த பிறகு அதே அண்ணன் மறுபடி வந்தார். பெட்டி நன்றாக இருக்கிறதாம், அதே சாயலில் நாற்பது கன அடிக்கு ஒன்று வேண்டுமாம். 2எக்ஸ்³ + எக்ஸ்² − 40 = 0. அன்று தப்பாக வகுத்த அதே பெண் எழுந்து, 1-க்கு −37, −1-க்கு −41 என்று பலகையில் எழுதினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "டீச்சர், 41 பகா எண். கூட்டினா 41 வர்றது 40 மட்டும்தான். கழிச்சா 39, அது 37-ஐ வகுக்காது. சரியா வர்ற பின்னமே இல்ல டீச்சர்." அரை நிமிடம் ஆகியிருக்காது. அதற்கப்புறம் பின்வரிசைப் பையன் செல்போனை எடுத்தான், 2.5576 என்று வந்தது. அண்ணன் அதை இரண்டு அடி ஆறே முக்கால் அங்குலம் என்று காதில் இருந்த பென்சிலை எடுத்துப் பலகைத் துண்டில் குறித்துக்கொண்டு போனார்.